எழுத்தெண்ணா, அறுபதின் கணக்கா, கூட்டிப் பார்ப்பதா? எபிரேய வேதத்தின் எண்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

எபிரேய வேதத்தையும் எண்முறைகளின் கணிதத்தையும் ஒருசேரப் படிக்க விரும்பும் ஒருவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதைத்தான். யூதர்கள் தனாக் என்றும் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்றும் அழைக்கும் அந்த நூல்தொகுதியில் எண்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. மக்கள்தொகை, ஆயுட்காலம், எடை, முழக்கணக்கு, ஆட்சியாண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் அவை வருகின்றன. அவற்றை அணுக நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து, சொற்களைக் கூட்டிப் பொருள் காணும் கெமாத்ரியா என்னும் எழுத்தெண் வழி ஒன்று. வேதம் உருவான நிலப்பகுதியில் புழங்கிய எண்முறைகளை, குறிப்பாகப் பாபிலோனியரின் அறுபதின்மான முறையை, கணிதமாகவே முதலில் கற்றுக்கொண்டு பிறகு வேதத்துக்கு வருவது இன்னொன்று. வேதம் தரும் எண்களை அப்படியே எடுத்து, தொகைகளைக் கூட்டிச் சரிபார்த்து, ஒரு கையெழுத்துப் படிக்கும் இன்னொரு படிக்கும் இடையே அவை எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவது மூன்றாவது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன். மூன்று வழிகளிலும் நடந்திருக்கிறேன். ஆனால் தவறான வரிசையில் நடந்தேன். முதல் ஏழு மாதங்களை எழுத்தெண்ணில் செலவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதும் சொற்களையும் அவற்றின் கூட்டுத்தொகைகளையும் எழுதி நிரப்பிய பிறகுதான், நான் படித்துக்கொண்டிருந்தது வேதத்தை அன்று, வேதத்தைப் பிற்காலத்தார் படித்த முறையை என்பது எனக்கு விளங்கியது. வேலை முடிந்து வந்து மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடியவர்களுக்கு அந்த ஏழு மாதம் பெரிய காலம். அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எழுத்தெண் வழியின் கவர்ச்சியை யாரும் மறுக்க முடியாது. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். ஆலெஃப் 1, பேத் 2 என்று தொடங்கி தேத் 9 வரை ஒன்றுகள். யோத் 10 முதல் த்சாதே 90 வரை பத்துகள். கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. அத்துடன் எழுத்து தீர்ந்துவிடுவதால் 500 என்பதைத் தாவும் கோஃபும் சேர்த்து எழுதுகிறார்கள். பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் இறைவனின் திருப்பெயரின் பகுதி வந்துவிடும் என்பதால் ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள். பதினாறையும் அவ்வாறே ஒன்பதும் ஏழுமாக எழுதுகிறார்கள். இவ்வளவையும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். மறுநாளே பலன் தெரியும்: ஆதியாகமம் 14:14இல் ஆபிராம் தன் வீட்டில் பிறந்த 318 பேரைக் கூட்டிக்கொண்டு போருக்குப் போகிறார், அவருடைய ஊழியன் எலியேசரின் பெயரிலுள்ள ஆறு எழுத்துகளை, 1, 30, 10, 70, 7, 200 என்று கூட்டினால் சரியாக 318 வருகிறது. போனது 318 பேர் அல்லர், எலியேசர் ஒருவரே என்று, யூத ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் ஒரு விளக்கம் இதன்மேல் நிற்கிறது. முதன்முதலில் இதைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் கணிதம் படித்தவர் ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டிய கேள்வி, இந்த முறையில் எழுத்தின் இடத்துக்கு மதிப்பு உண்டா என்பது. இல்லை; இது வெறும் கூட்டல். எழுத்துகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் தொகை மாறாது. மூன்று நான்கு எழுத்துச் சொற்களின் தொகைகள் பெரும்பாலும் சில நூறுகளுக்குள் அடங்கிவிடுவதால், பல்லாயிரம் சொற்கள் அந்தச் சில நூறு எண்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே, தொடர்பில்லாத இரண்டு சொற்கள் ஒரே எண்ணில் வந்து நிற்பது வியப்பன்று, நிற்காமல் இருந்தால்தான் வியப்பு. என் நோட்டில் ஒரு பக்கத்தில் நாகாஷ், அதாவது பாம்பு, 50, 8, 300 கூட்டி 358 என்று எழுதியிருந்தேன். சில பக்கங்கள் தள்ளி மாஷியாக், அதாவது மேசியா, 40, 300, 10, 8 கூட்டி அதே 358. இதற்கும் ஆழமான விளக்கம் சொன்னவர்கள் உண்டு. எந்த விடை வந்தாலும் விளக்கம் சொல்லிவிட முடிகிற முறையில், விடை சரியா தவறா என்று சோதிக்க வழி இல்லாமற்போகிறது.

நம் பக்கத்துக் கடபயாதி முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். அங்கேயும் எழுத்துக்கு எண் உண்டு. ஆனால் எழுத்து நிற்கும் இடத்துக்கும் மதிப்பு உண்டு. கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்களில் மேசகல்யாணியின் ‘மே’ ஐந்து, ‘ச’ ஆறு. தலைகீழாகப் படித்தால் 65, அந்த ராகத்தின் வரிசை எண். தீரசங்கராபரணம் 29. ஒரு பெயரிலிருந்து ஒரே எண்தான் வரும், அதைப் பட்டியலில் தேடிச் சரிபார்த்துவிடலாம். எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதற்காக ஏற்பட்ட முறை அது. சொல்லுக்குள் மறைபொருள் தேடுவதற்காக ஏற்பட்டதன்று.

எழுத்தெண் வழிக்கு எதிராக என்னிடம் உள்ள வலுவான வாதம் இதுவுமன்று, காலத்தைப் பற்றியது. தனாக்கின் நூல்களில் பல எழுதப்பட்ட அரசர் காலத்தில் எபிரேயர் எழுத்துகளை எண்குறியாகப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமாரியா பானையோட்டு எழுத்துகளிலும், கி.மு. 600ஐ ஒட்டிய ஆராத் கோட்டையின் ஓட்டுச் சீட்டுகளிலும், எண்ணெய்க்கும் திராட்சை ரசத்துக்கும் கணக்கு எழுதிய எழுத்தர்கள் எகிப்தியரின் ஹைராட்டிக் எண்குறிகளைத்தான் பயன்படுத்தினார்கள். எழுத்தை எண்ணாக எழுதும் வழக்கம் கிரேக்கரின் தாக்கத்தால் பிறகு வந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கி.பி. 66இல் ரோமருக்கு எதிராக எழுந்த யூதர்கள் அடித்த வெள்ளி சேக்கலில் முதலாம் ஆண்டுக்கு ஆலெஃபும் இரண்டாம் ஆண்டுக்கு பேத்தும் இருப்பதைக் காண்கிறோம். ஆனால் வேதப் படிகளில், சாக்கடல் சுருளேடுகள் உட்பட, எண்கள் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன.

இது வெறும் தகவல் அன்று, வாசிப்பையே மாற்றிவிடக்கூடியது. யூதாவின் அரசன் அகசியா அரியணை ஏறியபோது வயது 22 என்று 2 இராஜாக்கள் 8:26 சொல்கிறது. 2 நாளாகமம் 22:2 எபிரேயத்தில் 42 என்கிறது. அவனுடைய தகப்பன் நாற்பது வயதில் இறந்தவன். மகனுக்கு 42 இருக்க முடியாது. இருபதைக் குறிக்கும் காஃப் எழுத்தை நாற்பதைக் குறிக்கும் மேம் என்று யாரோ தவறாகப் படித்திருப்பார்கள் என்று ஒரு விளக்கம் பல நூல்களில் எளிதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் படிகளில் எண்கள் எழுத்தால் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த விளக்கம் நிற்கும். எண்முறையின் வரலாறு தெரியாதவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போய்விடுவார்.

எழுத்துகளுக்குள் மறைபொருள் தேடும் முயற்சி இக்காலத்திலும் உண்டு. 1994இல் ஆதியாகமத்தின் எழுத்துகளைச் சம இடைவெளியில் தாவிப் படித்தால் பிற்கால ரபிகளின் பெயர்களும் நாட்களும் அருகருகே வருகின்றன என்று ஒரு கட்டுரை புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. 1999இல் அதே இதழில் வெளியான மறுப்பு, பெயர்ப்பட்டியலைத் தெரிந்தெடுப்பதில் இருந்த நெகிழ்ச்சியே அந்த முடிவைத் தரப் போதுமானது என்று காட்டியது. இந்தப் பக்கம் போக விரும்புகிறவர் முதல் கட்டுரையோடு நிறுத்தாமல் இரண்டையும் படிக்க வேண்டும்.

இனி மூன்றாவது வழி. இதற்கு முதல் நாளில் எபிரேயம் தேவையில்லை. ஒரு தமிழ் வேதாகமம், ஒரு தாள், ஒரு பென்சில் போதும். எண்ணாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, பன்னிரண்டு கோத்திரங்களின் போர்வீரர் எண்ணிக்கையை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: ரூபன் 46,500, சிமியோன் 59,300, காத் 45,650, யூதா 74,600, இசக்கார் 54,400, செபுலோன் 57,400, எப்பிராயீம் 40,500, மனாசே 32,200, பென்யமீன் 35,400, தாண் 62,700, ஆசேர் 41,500, நப்தலி 53,400. கூட்டினால் 6,03,550, நூலும் அதே தொகையைத்தான் தருகிறது. அடுத்து யாத்திராகமம் 38ஆம் அதிகாரம்: அதே 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்தார்கள், மொத்தம் நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் சேர்ந்தது என்கிறது. தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்று அங்கே சொல்லவில்லை. ஆனால் நாமே கண்டுபிடித்துவிடலாம். 6,03,550இல் பாதி 3,01,775. அதில் 1,775ஐக் கழித்தால் 3,00,000. ஆகவே ஒரு தாலந்து 3,000 சேக்கல். எழுதாமல் விடப்பட்ட ஓர் அளவை நூலின் சொந்தக் கணக்கே வெளியே எடுத்துக் கொடுக்கிறது. எழுத்தெண்ணில் ஏழு மாதத்தில் கிடைக்காத நிறைவு எனக்கு அந்தக் கழித்தலில் கிடைத்தது.

அந்த எண்களின் எழுத்துமுறையையும் அதே மூச்சில் கவனிக்கலாம். ரூபனின் எண்ணிக்கையை எபிரேயம் ‘ஆறும் நாற்பதும் ஆயிரம், ஐந்து நூறு’ என்ற வகையில் சொல்கிறது. பூச்சியம் இல்லை, இடமதிப்பு இல்லை. அலகுக்கு முன்னால் பெருக்கெண், பிறகு கூட்டல். பழைய தமிழ் ஏடுகளில் ௪௰௬௲௫௱ என்று எழுதினால் என்ன அமைப்போ அதே அமைப்பு. தமிழ் வேதாகமம் ‘ஆறு லட்சம்’ என்று எழுதும் இடத்தில் எபிரேயத்தில் லட்சம் என்ற அலகு கிடையாது, ‘ஆறு நூறு ஆயிரம்’ என்றே இருக்கிறது.

அந்த ‘ஆயிரம்’ என்ற சொல்லில்தான் பெரிய விவாதம் இருக்கிறது. எலெஃப் என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆயிரம் என்றும், குலம் அல்லது படைப்பிரிவு என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. ஆறு லட்சம் வீரர்கள் என்றால் குடும்பங்களோடு இருபது லட்சம் பேருக்குமேல் பாலைவனத்தில் நடந்திருக்க வேண்டும். அது பொருந்தாது என்று கருதிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 46,500 என்பதை ‘46 பிரிவுகள், 500 பேர்’ என்று படிக்கலாம் என்றார். 1958இல் வேத ஆய்வாளர் ஜார்ஜ் மெண்டன்ஹால் அதை வேறு வடிவில் வளர்த்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது அதைப் பென்சிலால் சோதியுங்கள். பன்னிரண்டு கோத்திரங்களின் எலெஃப்களை மட்டும் தனியாகக் கூட்டினால் 598. நூறுகளையும் பத்துகளையும் தனியாகக் கூட்டினால் 5,550. எலெஃப் என்பது பிரிவு என்றால் மொத்தம் ‘598 பிரிவுகள், 5,550 பேர்’ என்று நின்றிருக்க வேண்டும். நூலோ 603 எலெஃப், 550 என்கிறது. அதாவது 5,550இலிருந்து ஐந்து ஆயிரங்கள் இனமாற்றம் செய்யப்பட்டு 598உடன் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கூட்டுத்தொகையை எழுதியவர் எலெஃபை ஆயிரம் என்றுதான் எடுத்துக்கொண்டார் என்பதில் ஐயமே இல்லை. பெட்ரியின் வழியில் போகிறவர், தொகை பிற்காலத்தில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு கூட்டியது என்று கூடுதலாக ஒன்றை நிறுவ வேண்டியிருக்கிறது. யாத்திராகமத்தின் அரைச் சேக்கல் கணக்கையும் அதே பிற்காலத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்புக் கூட்டலில் வரும் இனமாற்றம், ஒரு நூறாண்டு விவாதத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுவதை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

கூட்டல் எப்போதும் சரியாக வந்துவிடுவதில்லை, வராத இடங்களே அதிகம் கற்பிக்கின்றன. எண்ணாகமம் மூன்றாம் அதிகாரத்தில் லேவியரின் மூன்று குடும்பங்கள்: கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200. கூட்டினால் 22,300, நூல் 22,000 என்கிறது. விடுபட்ட 300 பேர் தாங்களே தலைப்பிள்ளைகள், ஆகவே மற்றவர்களின் தலைப்பிள்ளைகளை மீட்கும் கணக்கில் அவர்கள் சேரவில்லை என்று தல்மூத் விளக்குகிறது. பாட ஆய்வாளர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள்: எபிரேயத்தில் ‘மூன்று’ என்பது ஷின், லாமெத், ஷின், ‘ஆறு’ என்பது ஷின், ஷின். நடுவிலுள்ள லாமெத் ஒன்று விழுந்துவிட்டால் 8,300 என்பது 8,600 ஆகிவிடும். சில கிரேக்கப் படிகளில் 8,300 என்றே இருக்கிறது. பொருந்தாத தொகை இங்கே தான் எந்த எண்முறையில் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது: எண் சொல்லாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே மூன்றும் ஆறும் இவ்வாறு மயங்கும், எழுத்தெண்ணில் மூன்றுக்கான கிமெலுக்கும் ஆறுக்கான வாவுக்கும், முந்நூறுக்கான ஷின்னுக்கும் அறுநூறுக்கான தாவ், ரேஷுக்கும் அந்தக் குறிப்பிட்ட மயக்கம் வராது. எண்முறையும் வேதபாடமும் ஒன்றையொன்று சோதிக்கும் இந்த இடத்துக்காகவே இந்தத் துறைக்கு வரலாம் என்பேன்.

படிகளை ஒப்பிடுவதன் மிகப் பெரிய விருந்து ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரம். ஆதாமிலிருந்து ஜலப்பிரளயம் வரையிலான ஆண்டுகளைக் கூட்டினால், நாம் வழக்கமாகப் படிக்கும் மசோரா எபிரேயப் பாடத்தில் 1,656. சமாரியர்களின் தோராவில், அதாவது அவர்களுடைய ஐந்து ஆகமங்களில், 1,307. செப்துவஜிந்து என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியமான படிகளில் 2,242. வேறுபாடு தற்செயலானதன்று. கிரேக்கத்தில் பல முற்பிதாக்கள் மகனைப் பெற்ற வயது சரியாக நூறு ஆண்டு கூடுதல். அதற்கு ஈடாக எஞ்சிய ஆயுள் நூறு குறைவு. மொத்த ஆயுள் மாறுவதில்லை. சமாரியப் பாடத்தில் யாரேத், மெத்தூசலா, லாமேக்கு ஆகிய மூவரும் இறக்கும் ஆண்டைக் கணக்கிட்டால் மூன்றுமே 1,307இல், பிரளய ஆண்டிலேயே, வந்து நிற்கின்றன. மசோராவில் மெத்தூசலா பிறந்தது 687இல், வாழ்ந்தது 969 ஆண்டு, இறந்தது 1,656இல். அதுவும் பிரளய ஆண்டுதான். அந்தக் கிரேக்கப் படிகளிலோ அவர் 1,287இல் பிறந்து 2,256இல் இறக்கிறார், அதாவது பேழையில் ஏறாதவர் பிரளயத்துக்குப் பிறகும் பதினான்கு ஆண்டு உயிரோடு இருக்கிறார். ஒவ்வொரு மரபும் தன் எண்களைக் கணக்குப் பார்த்தே வைத்திருக்கிறது, ஒரு மரபின் கணக்கில் ஓரிடம் ஒட்டாமல் நின்றுவிட்டது என்று இந்த அட்டவணையைப் போட்டு முடித்தவருக்குத் தெளிவாகத் தெரியும். போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது மதிப்பில் குறைந்ததால் அன்று, தன்னளவில் அது தனிக் கடல் என்பதால். பாபிலோனியர் ஓர் ஆப்பு வடிவக் குறியாலும் பத்துக்கான இன்னொரு குறியாலும் எந்த எண்ணையும் அறுபதை அடிமானமாகக் கொண்டு இடமதிப்புடன் எழுதினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கையகலக் களிமண் பலகை ஒன்றில், சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்று அறுபதின்மான இலக்கங்கள் கீறப்பட்டுள்ளன. நம் முறையில் அது 1.41421296, இரண்டின் வர்க்கமூலத்துக்கு ஐந்து தசம இடம் வரை சரியான மதிப்பு. இந்தக் கணிதத்தைக் கற்றவருக்கு வேதத்தில் சில இடங்கள் தாமாகவே ஒளிபெறும். நாம் கண்டுபிடித்த 3,000 சேக்கல் தாலந்து, 60 மினா, மினாவுக்கு 50 சேக்கல். பாபிலோனியத் தாலந்தோ அறுபதை அறுபதால் பெருக்கிய 3,600 சேக்கல். எசேக்கியேல் 45:12 மினாவை இருபதும் இருபத்தைந்தும் பதினைந்தும் சேக்கல் என்று வரையறுக்கிறது, கூட்டினால் 60. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தீர்க்கதரிசியின் கையில் அறுபது வருவது பொருத்தமாகவே இருக்கிறது.

பிற்கால யூத நாட்காட்டியில் இந்தத் தொடர்பு இன்னும் கூர்மையானது. ஒரு மணி நேரத்தை 1,080 பகுதிகளாக்கி, ஒரு சந்திர மாதத்தை 29 நாள், 12 மணி, 793 பகுதி என்று அது கொள்கிறது. பாபிலோனிய வானியலின் மாதமோ 29 நாளும், அறுபதின் பின்னங்களாக 31, 50, 8, 20உம். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றினால் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கின்றன. என்றாலும் இது வேதத்துக்கு வெளியே உள்ள செய்தி. அறுபதின்மானத்தை நன்றாகக் கற்க நான்கைந்து மாதம் ஆகும். அதற்குப் பிறகு வேதத்துக்குத் திரும்பும்போது எபிரேய எண்சொற்கள் பதின்மானத்தில் இருப்பதையும், அறுபது பெரும்பாலும் எடைக்கல்லில் மட்டுமே தங்கியிருப்பதையும் காண்கிறோம். உழைப்பு மிகுதி, வேதத்துக்குள் அதற்கு நேரடிப் பயன் குறைவு.

மூன்று வழிகளையும் ஒரே வசனத்தில் நிறுத்திப் பார்ப்பது நியாயமான சோதனையாக இருக்கும். 1 இராஜாக்கள் 7:23இல் சாலொமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல் தொட்டி வட்டமானது, விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். பை மூன்று ஆகிவிடுகிறது. எழுத்தெண் வழி இதற்குச் சொல்லும் விடை புகழ்பெற்றது: ‘நூல்’ என்ற சொல் எழுதப்பட்டிருக்கும் வடிவின் தொகை 111, படிக்கப்படும் வடிவின் தொகை 106, மூன்றை 111ஆல் பெருக்கி 106ஆல் வகுத்தால் 3.1415. வில்னா நகரத்துக் காவோன் என்ற புகழ்பெற்ற ரபியின் பெயரால் இது வழங்குகிறது. அழகான விடைதான், ஆனால் எழுத்தெண்களே இல்லாத காலத்து நூலுக்குள் அது எப்படிப் புகுந்தது என்ற கேள்விக்கும், எந்த இரு சொற்களை வகுக்க வேண்டும் என்று விடை தெரிவதற்கு முன்பே சொல்லும் விதி எது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. இரண்டாவது வழி, பாபிலோனியரும் அன்றாடக் கணக்கில் மூன்றையே கையாண்டார்கள், சூசாவில் கிடைத்த பலகை ஒன்றில் மூன்றே அரைக்கால் என்ற நுட்பமான மதிப்பும் உண்டு என்று காட்டி, மூன்று என்பது அறியாமையன்று, வழக்கத்துத் தோராயம் என்று நிறுத்துகிறது. மூன்றாவது வழி அடுத்த வசனங்களைப் படிக்கச் சொல்கிறது: 7:26இல் தொட்டியின் கனம் நாலு விரற்கடை, அதாவது ஒரு கையகலம். விட்டம் வெளி விளிம்பில் அளந்தது, சுற்றளவு உள்ளே அளந்தது என்று கொண்டால், முழத்துக்கு ஆறு கையகலம் என்ற கணக்கில் உள்விட்டம் 58 கையகலம், சுற்றளவு 180, விகிதம் 3.103. தல்மூதே இந்தக் கனத்தைப் பற்றிப் பேசுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் 33 முழம் என்று இருக்கிறது, யாரோ ஒருவருக்கு முப்பது போதாதென்று பட்டிருக்கலாம். இந்த வழி முழு விடை தருவதில்லை. ஆனால் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைச் சரியாகப் பிரித்துக் காட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் ஏருவின் பகுதிக்கு எழுதிய உரையில், விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தை ஒருபோதும் துல்லியமாக அறிய முடியாது, அது நம் அறிவின் குறையன்று, அந்த விகிதத்தின் இயல்பே அது, தோராயமாக மூன்றே ஒன்றின் கீழ் ஏழு என்று கொள்ளலாம் என்கிறார். மூலநூலை நிதானமாகப் படித்த மரபிலிருந்துதான் அந்த வாக்கியம் வந்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை, முதலில் மூன்றாவது வழி, அடுத்து இரண்டாவது, கடைசியில் எழுத்தெண். முதல் இரண்டு மாதம் தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டே எண்ணாகமம் 1, 3, 26, ஆதியாகமம் 5, 11, எஸ்றா 2, நெகேமியா 7 ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கலாம். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் இவை எண்ணிக்கை, தொடக்கநூல் என்ற பெயர்களில் இருக்கும். எஸ்றாவும் நெகேமியாவும் திரும்பி வந்தவர்களின் மொத்தம் 42,360 என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, உட்பட்டியலில் இரண்டு வேறு தொகைகளைத் தருவதையும், இரண்டுமே 42,360ஐ எட்டாததையும் நீங்களே கண்டுகொள்வீர்கள். அதே இரண்டு மாதத்தில் எபிரேய எழுத்துகளையும் ஒன்று முதல் ஆயிரம் வரையிலான எண்சொற்களையும் கற்றுக்கொள்ள முடியும். இருபது என்பது ‘பத்து’ என்ற சொல்லின் பன்மை, முப்பது ‘மூன்று’ என்பதன் பன்மை என்று போவதால் அதிகம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எபிரேய மூலத்துக்கு செஃபாரியா என்ற இணைய நூலகம் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சில் வாங்க விரும்புகிறவர், இன்றைய ஆய்வுப் பதிப்புகள் பெரும்பாலும் கி.பி. 1008ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் ஏட்டைப் பின்பற்றுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். அதைவிட மூத்த அலெப்போ ஏட்டில் தோராவின் பெரும்பகுதி 1947க்குப் பிறகு காணாமற்போய்விட்டதால், நமக்கு வேண்டிய எண்ணாகமம் அதில் இல்லை.

கல்லூரியில் கணிதம் படித்து, எண் கோட்பாட்டில் ஏற்கெனவே ருசி உள்ளவருக்கு மட்டும் வரிசையை மாற்றிச் சொல்வேன். அவர் அறுபதின்மானத்திலிருந்தே தொடங்கலாம்; தலைகீழ் எண்களின் அட்டவணை, முடிவுறும் பின்னங்கள் எவை என்ற கேள்வி ஆகியவை அவரைப் பிடித்துக்கொள்ளும். வேதத்துக்கு உரை எழுதிய யூத அறிஞர் கெர்சோனிடிஸே 1343இல், இரண்டின் அடுக்குகளிலும் மூன்றின் அடுக்குகளிலும் ஒன்று வேறுபாட்டில் நிற்பவை (1, 2), (2, 3), (3, 4), (8, 9) ஆகிய இணைகள் மட்டுமே என்று நிறுவினார் என்பது அவருக்கு ஊக்கம் தரக்கூடும்.

வேத உரையாளரும் கணித அறிஞரும் ஒரே ஆளாக இருந்த இன்னொருவரை எந்த வழியில் போகிறவரும் கடைசியில் சந்திக்க வேண்டும். ஸ்பெயினின் துதேலாவில் பிறந்து, இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று அலைந்த ஆபிரகாம் இபின் எஸ்ராவின் தோரா உரை இன்றும் யூத வேதப் பதிப்புகளில் மூலத்தின் ஓரத்தில் அச்சாகிறது. அவரே பன்னிரண்டாம் நூற்றாண்டில் எண்ணைப் பற்றி எபிரேயத்தில் ஒரு நூல் எழுதி, இந்தியாவின் அறிஞர்கள் ஒன்பது குறிகளால் எல்லா எண்களையும் எழுதுகிறார்கள் என்று சொல்லி, ஆலெஃப் முதல் தேத் வரையுள்ள ஒன்பது எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, வெற்றிடத்துக்குச் சக்கரம் என்று பெயரிட்டு ஒரு வட்டத்தைப் போட்டார். அந்த முறையில் ஆபிராமின் 318 பேர் ஷின், யோத், ஹேத் ஆகிய எழுத்துகளை விட்டுவிட்டு, கிமெல், ஆலெஃப், ஹேத் ஆகிறார்கள். எண்ணாகமத்தின் 6,03,550ஐயும் அப்படி எழுதிப் பார்த்தேன்: வாவ், சக்கரம், கிமெல், ஹே, ஹே, சக்கரம்.